வால் தரையில் படாத டைனோசர்

மந்தைவெளியில் நான் உயிரியல் நடத்தும் பள்ளியில், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே சுவரில் ஒரு டைனோசர் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் வரைந்தது. சைதாப்பேட்டையிலிருந்து வந்த ஓவியர், நாங்கள் பாய் என்று கூப்பிடுபவர், நான் கொடுத்த பழைய புத்தகத்தைப் பார்த்து இரண்டே நாளில் முடித்துவிட்டார். பச்சை உடம்பு, நிமிர்ந்த முதுகு, மூன்றாவது கால்போலத் தரையில் ஊன்றிய தடித்த வால். அதைக் காட்டித்தான் அத்தனை வருடமும் பாடம் நடத்தினேன்.

போன கோடை விடுமுறையில் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். புதிதாக வரைய அதே பாயை அழைத்தேன். இப்போதைய படங்களை அச்செடுத்து வைத்திருந்தேன். அவற்றில் முதுகு தரைக்கு இணையாக இருக்கும். வால் பின்னால் விறைத்து நீளும். நான் தேர்ந்தெடுத்திருந்த சின்ன வேட்டை இனத்துக்கு உடம்பெல்லாம் இறகு.

பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா டீச்சர், கோயி மாரி கீது?"

அதன் கை எலும்பில் இறகு முளைத்த அடையாளம் இருக்கிறது, கோழிக்கு அது தூரத்துச் சொந்தம்தான் என்றேன். அப்படியானால் முன்பு வரைந்தது தப்பா என்று கேட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. தப்பான படத்தைக் கொடுத்தவள் நான். வாலை இழுத்து நடந்திருந்தால் காலடித் தடங்களுக்கு நடுவே கோடு விழுந்திருக்கும், அப்படிக் கோடு அநேகமாக எங்கும் கிடைக்கவில்லை என்று விளக்கினேன். அவர் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலையில் கூடையோடு வந்தார். உள்ளே ஒரு நாட்டுக்கோழி. மார்க்கெட்டில் தெரிந்தவரிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்தாராம். அதை வராந்தாவில் விட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மத்தியானம்வரை கால்களை மட்டுமே வரைந்துகொண்டிருந்தார்.

"பின்னால மடங்குது பாருங்க, அது முட்டி இல்ல டீச்சர். முட்டி மேல, ரெக்கைக்கு அடில கீது."

முழுக்கச் சரி. நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் அரை நாளில் கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டார். கோழி காலைத் தூக்கும்போது விரல்கள் குவிவதையும் அவர் காட்டிய பிறகுதான் கவனித்தேன்.

தலைமையாசிரியையான சிஸ்டர் வந்து கோழியையும் சுவரிலிருந்த கரிக்கோடுகளையும் பார்த்தார். பிள்ளைகள் சிரிக்க மாட்டார்களா என்று தயங்கினார். சிரித்துக்கொண்டே பார்க்கட்டும் என்றார் பாய்.

நிறம் என்ன என்று பாய் கேட்டார். இந்த இனத்துக்கு அது யாருக்கும் தெரியாது என்றேன்.

"அப்போ பச்சைன்னு யாரு சொன்னது?"

அந்தப் பழைய புத்தகம்தான் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அடையாற்றுக் கரையில் பார்த்த செம்போத்துப் பறவையின் நிறத்தைக் கொடுத்தார். கருத்த உடம்பு, செங்கல் நிறக் கை இறகுகள், சிவந்த கண். ஒரு கால் அந்தரத்தில் விரல் குவிந்திருந்தது. முடிந்த அன்று அதன் முன்னால் நின்றபோது, சுவரை விட்டு அது ஓடிவிடும் என்றே தோன்றியது.

பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இது இவ்வளவு வேகமாக எதைத் துரத்துகிறது என்று கேட்டாள். பழைய படத்தைப் பார்த்து யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் பாய்க்குப் போன் செய்து சொன்னேன். அடுத்த சுவரும் காலியாகத்தானே இருக்கிறது, அது துரத்துவதை அதில் வரைந்துவிடலாமா என்றார்.