ஆறுக்கு ஒன்று

ரோவீனா கோம்ப்ஸுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கென்டக்கி மலைப்பக்கத்துப் பள்ளிச் சமையலறையில் பதினெட்டு வருஷமாக முந்நூறு பிள்ளைகளுக்கு பிஸ்கட் மாவு பிசைகிறவள். உப்பு ஒரு சிட்டிகை கூடினதில்லை, குறைந்ததில்லை. ஆனால் மாவு என்ற இடத்தில் x என்று எழுதிக் காட்டினால் போதும், திணறிப்போவாள்.

தலைமைச் சமையல்காரி இடம் காலியாகியிருந்தது. அதற்குப் பள்ளிப் படிப்பு முடித்த சான்று வேண்டும். ரோவீனா பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். அப்படி நின்றவர்களுக்கான ஜி.இ.டி. தேர்வில் மற்ற பாடங்களையெல்லாம் தாண்டியாயிற்று. கணக்கில் மட்டும் மூன்று தடவை மண்ணைக் கவ்வினாள். வெள்ளிக்கிழமைக்குள் சான்று வராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். இன்றைக்குப் புதன்.

“ஏண்டி, இந்தத் தடவையும் கோட்டை விட்டா என்ன பண்ணுவ?” என்றாள் கூட வேலை செய்யும் இமோஜின், அவளைத் தேர்வு மையத்தில் இறக்கிவிட்டபடி.

“உன் தலையிலதான் பாத்திரத்தைக் கவுப்பேன்.”

உள்ளே கைபேசி, கடிகாரம், கொண்டை ஊசி வரை வாங்கி வைத்துக்கொண்டு, அழித்து எழுதும் பலகை ஒன்றும் பேனாவும் கொடுத்தார்கள். பன்னிரண்டாவது கேள்வி கோழிப் பண்ணை. பழுப்புக் கோழி 3x + 12, வெள்ளைக் கோழி x + 4. விகிதத்தைச் சுருக்குக.

ரோவீனாவுக்கு மேலும் கீழுமாக எழுதி, பொதுவானதை அடிப்பது பிடிக்கும். மேலே x, கீழே x. அடித்தாள், 3 நின்றது. மேலே 12, கீழே 4. அடித்தாள், இன்னொரு 3. கூட்டினால் ஆறு. கணினித் திரையில் பார்த்தாள். நான்கு விடைகளில் இரண்டாவதாக, ஆறுக்கு ஒன்று என்று அழகாக உட்கார்ந்திருந்தது. அப்பாடா என்று இருந்தது.

மவுஸை அழுத்தப் போன விரல் நின்றது. போன மூன்று தடவையும் இப்படித்தான். அவள் போட்ட விடை ஒவ்வொரு தடவையும் பட்டியலில் இருந்தது. இருந்ததாலேயே சரி என்று நம்பினாள்.

பலகையை அழித்தாள். x என்பது ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும். பழுப்பு பதினைந்து, வெள்ளை ஐந்து. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், மூன்றுக்கு ஒன்று. அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது: 3x + 12 என்பது (x + 4)-இன் மூன்று மடங்கு. மாவோடு கலந்த உப்பைத் தனியாகக் கிள்ளி எடுக்க முடியுமா? எடுத்தால் மொத்த உருண்டையாகத்தான் எடுக்க வேண்டும்.

சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. எவனோ ஒருத்தன் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, அவள் எங்கே வழுக்குவாள் என்று பார்த்து, அந்தத் தப்பு விடையையே பட்டியலில் பள்ளமாகத் தோண்டி வைத்திருக்கிறான். விறுவிறுவென்று பின்னால் போய், போட்டதையெல்லாம் மறுபடி எண் வைத்துப் பார்த்தாள். நான்கு கேள்விகளுக்கு விடையை மாற்றினாள்.

மத்தியானம் சமையலறையில் இமோஜினிடம் பொரிந்து தள்ளினாள். “என் தப்பு அவனுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்குடி!”

“உன் ஒருத்திக்காகவா அந்த விடையை வச்சிருப்பான்? ஊரு பூரா அதே தப்பைப் பண்ணுது போல.”

ரோவீனா கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு இது தோன்றவே இல்லை. முப்பது வருஷமாகத் தன் மூளையில் மட்டும் ஏதோ திருகு கழன்றிருக்கிறது என்றே நினைத்திருந்தாள். வகுப்பைவிட்டு ஓடியதும் அந்த வெட்கத்தில்தான். இதே இடத்தில் வழுக்கியவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள் என்று அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூன்று மணிக்குக் கைபேசி சிணுங்கியது. தேறுவதற்கு நூற்று நாற்பத்தைந்து வேண்டும். அவளுக்கு நூற்று நாற்பத்தாறு.

“இமோஜின், நான் மக்கு இல்லடி.”

“அது இங்க உன்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். மூக்கைத் துடைச்சிட்டு வா, பீன்ஸ் அடிபிடிக்குது.”