சாதா கட்டி

என் தங்கைக்கு இடது காதுக்கு மேலே ஒரு கட்டி இருந்தது. முதலில் புளியங்கொட்டை அளவுதான். கொசுக்கடி என்றார்கள், பிறகு தொட்டில் இடித்திருக்கும் என்றார்கள். நைனாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஏரியில் வலை போடும் தன் முறையைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அம்மாவையும் தங்கையையும் மீஞ்சூரில் ரயிலேற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போனார். நானும் தொற்றிக்கொண்டேன். ரயிலில் விற்கிற சமோசாமேல் எனக்கு ஒரு கண்.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மா சிரித்த முகமாகவே சொன்னார். "பயப்படாதீங்க, புத்துநோய் இல்ல. சாதா கட்டிதான். கைக்குழந்தைங்களுக்கு எப்பவாவது மண்டையெலும்புல இப்படி வரும். ஆனா விட்டா வளர்ந்து காதைக் கெடுத்துடும். தலைய மழிச்சு ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

நைனா தலையாட்டினார். அம்மாவோ 'மழிச்சு' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். எனக்குப் பிறகு வெகுநாள் பிள்ளை தங்காமல், கங்கையம்மனிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை தங்கை. பிறந்த முடி ஆத்தாளுக்கு என்று அம்மா நேர்ந்திருந்தாள்.

"சாதா கட்டினு அவங்களே சொல்லிட்டாங்கள்ல? ஆடில ஆத்தாளுக்கு முடி எறக்கிட்டு வந்துடலாம்யா" என்றாள் வெளியே வந்ததும். நைனா வழியெல்லாம் கத்திப் பார்த்தார். வீடு வந்து சேர்வதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது.

ஆடி வருவதற்குள் தங்கையின் முடி அடர்ந்து சுருண்டு, கட்டியை மூடிக்கொண்டது. தொட்டால் அழுதாள், அதனால் யாரும் தொடவில்லை. அமுங்கிவிட்டது என்று அம்மாவே சொல்ல ஆரம்பித்தாள். நாங்களும் நம்பினோம். நம்புவது சுலபமாக இருந்தது.

திருவிழாவில் மாமா மடியில் உட்காரவைத்து மொட்டையடித்தார்கள். பாதியில் நாவிதரின் கை நின்றது. முடி போன இடத்தில் மண்டை எலுமிச்சம்பழமாகப் புடைத்திருந்தது. அம்மா பார்த்தாள். "ஆத்தா!" என்று வீறிட்டு, கூந்தல் அவிழ மணலில் புரண்டாள். உடனே பம்பைக்காரர்கள் வேகமெடுத்தார்கள். பெண்கள் குலவையிட்டு, அம்மாமேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வாயில் வேப்பிலையைத் திணித்தார்கள். எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் சாமி வந்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள், அது திரும்ப வரவேயில்லை. அந்தக் காது மட்டும் கேட்காமல் போய்விட்டது. முன்பே வந்திருந்தால் காது தப்பியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது நைனா அம்மாவை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவளுக்கு அழவாவது ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன். "அம்மா, அன்னிக்கி சாமி உங்கிட்ட இன்னா சொல்லிச்சு?"

அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நாள் கடத்திட்டியேடினு சொல்லிச்சு."

மொட்டை தாமதமானதற்கு ஆத்தாளுக்குக் கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "அதான் முடி எறக்கிட்டோமேம்மா, இன்னும் இன்னா கோவம் அதுக்கு?" என்று அவளைச் சமாதானப்படுத்தினேன்.