அறை வாங்காத கலெக்டர்

பணி ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் சுதந்திரப் போராட்ட நாவல் ஒன்று எழுதத் தொடங்கினேன். கதாநாயகன் என் தாத்தாதான். பூதப்பாண்டித் தெருவில் குதிரையில் வந்த வெள்ளைக்காரக் கலெக்டரைக் கீழே இழுத்துப் போட்டு, கன்னத்தில் ஓர் அறை விடுவார். அந்த அத்தியாயத்தை எழுதிய அன்று எனக்கே கை வலித்தது.

முதலில் படித்தவள் என் தங்கை. மளமளவென்று புரட்டிக்கொண்டு வந்தவள், அறை விழுந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"அண்ணே, இவன் எங்கேருந்து வந்தான்? அப்ப இது மகாராஜா ஆண்ட சமஸ்தானம்லா? இங்க கலெக்டருக்குப் பதிலா பேஷ்காரும் தாசில்தாரும்தானே. வெள்ளக்காரக் கலெக்டர அடிக்கணும்னா தாத்தா ஆரல்வாய்மொழி எல்லை தாண்டித் திருநெல்வேலிக்குல்லா போயிருக்கணும்."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. எங்கள் வீட்டுச் சுவரில் இன்றும் மகாராஜா படம் தொங்குகிறது. தாத்தா தினமும் காலையில் அதைக் கும்பிடுவார். அந்தப் பழக்கத்தில் நானும் கும்பிட்டுவிட்டு, படத்துக்குக் கீழேயே மேசை போட்டு உட்கார்ந்து வெள்ளைக்காரனை அடித்துக்கொண்டிருந்தேன். படித்த நாவல்களில் எல்லாம் கலெக்டர் வந்தார், என் நாவலிலும் வந்துவிட்டார்.

"ஏட்டி, கதைன்னா அப்படித்தான்" என்றேன்.

"தாத்தா நெசமாவே போனாருல்லா, ஆரல்வாய்மொழி தாண்டி ஒரு கூட்டத்துக்கு. உனக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை. அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் கொடுத்த சின்ன மூவர்ணக் கொடியை மடியில் கட்டிக்கொண்டு திரும்பினாராம். வழியில் போலீஸ்காரர் மடியில் என்ன என்று கேட்க, முறுக்கு என்றாராம். அந்தப் போலீஸ்காரருக்குப் பசிக்காமல் போனது எங்கள் குலதெய்வத்தின் வேலை என்று சொல்லிச் சிரித்தேன். தங்கை சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தாத்தா பயந்துபோய்க் கொடியை அடுப்பில் போட்டு எரித்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அழுதாராம்.

கலெக்டரைக் குதிரையோடு கிழித்துப் போட்டேன். அடுப்பை எழுத ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு தடவை கொடியை எரிக்காமல் நெல் பத்தாயத்தில் ஒளித்துவைத்துப் பார்த்தேன். தங்கைக்குப் பயந்து மறுபடி எரித்தேன். இப்போது நாவலில் கொடி எரிந்து முடிந்ததும் தாத்தா முகம் கழுவிக்கொண்டு வந்து மகாராஜா படத்தைக் கும்பிடுகிறார்.

தங்கை கடைசித் தாள்வரை படித்தாள்.

"யாருக்கும் தெரியாண்டாம்னு சொன்னாரு" என்றாள். பிறகு தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள். "இருக்கட்டும் அண்ணே. இதுலதான் தாத்தா இருக்காரு."

எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.