எட்டுக் கணினிகளும் ஞானவேல் சாரும்

செவ்வாய்க்கிழமை காலை இராமநாதபுரம் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி ராணி. "செல்வி, ஞானவேல் சார் தவறிட்டாராம். ராத்திரி தூக்கத்துலயே" என்றாள். "போன வாரந்தானே பாத்தேன்? நல்லாத்தானே இருந்தாரு?" என்று அவளிடம் சண்டைக்குப் போவதுபோல் கேட்டேன். போன வாரம் அவர் தனுஷ்கோடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அங்கே கடலின் ஒரு பக்கம் அடங்கிக் கிடக்கும்போது மறுபக்கம் ஏன் கொந்தளிக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டுமாம். பார்த்தாரா, என்ன கண்டுபிடித்தார் என்று கேட்க இனி ஆளில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் இராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அவர் கண்காணிப்பாளர், நான் தொகுப்பூதியத்தில் சேர்ந்த தட்டச்சர். கிராமத்துப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. மதுரையில் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போய்வந்த ஒரே குற்றத்துக்காக எட்டுக் கணினிகளின் பொறுப்பையும் ஞானவேல் சார் தலையில் கட்டியிருந்தார்கள்.

அந்தப் பொறுப்பு அவருக்குப் பிடித்திருந்தது. எதைப் பற்றியும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் அவர். ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்கள் எந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள் என்று பேருந்து நடத்துநரிடம் விசாரித்துக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டவர். ஒருமுறை நான் கொண்டுபோன மிளகாய் வற்றலில் பாதி வெளுத்திருந்தது. ஏன் என்று கேட்டார். மழை பட்டது என்றேன். "மழை எல்லாத்து மேலயுந்தானே பெஞ்சுச்சு? மீதிப் பாதி எப்பிடித் தப்பிச்சுச்சு?" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பல வருடங்களுக்கு முன், நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, வைகாசி மாதத்தில் அந்தக் கோளாறு ஆரம்பித்தது. எட்டுக் கணினிகளும் ஒரே வயரில் கோக்கப்பட்டவை. திடீரென்று ஒன்று உறையும். அடுத்த நிமிடம் எட்டும் உறைந்துவிடும். அணைத்துப் போட்டால் ஓடும். அதுவரை ஏற்றியதெல்லாம் போயிருக்கும். சில நாள் காலையில், சில நாள் மாலையில், சில நாள் நிற்கவே நிற்காது. சன்னலுக்கு வெளியே சான்றிதழுக்கு நிற்கிறவர்கள் எங்கள் குலத்தையே இழுத்துத் திட்டுவார்கள். மதுரையிலிருந்து பழுது பார்க்கிறவர் வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் மறுபடி நிற்கும். பேட்டரியை மாற்றினார்கள். வயரை மாற்றினார்கள். திருஷ்டி என்று யாரோ எலுமிச்சம்பழம்கூடக் கட்டினார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள், சாப்பாட்டு வேளையில் யாரும் இல்லையென்று நினைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃபிளாப்பித் தகடு ஒன்றை என் கணினியில் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. எட்டும் நின்றன. வாசலில் நின்ற ஒருவர் நான் ஃபிளாப்பியை உருவியதைப் பார்த்துவிட்டார்.

சார் கூப்பிட்டுக் கேட்டார். "நான் எதையும் போடல சார்" என்று சாதித்தேன். பார்த்தவர் சத்தியம் செய்தார். வெளி ஃபிளாப்பி வழியாக வைரஸ் புகுந்ததே கோளாறுக்குக் காரணம் என்று சார் அறிக்கை எழுதினார். மறுநாள் முதல் வர வேண்டாம் என்று என்னை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் ஊர் உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில். சின்ன ஊர். கம்ப்யூட்டரைக் கெடுத்தாள் என்பது நாலு வாய் மாறி, அரசாங்கப் பத்திரத்தைத் திருடினாள் என்று ஆகிவிட்டது. அய்யா வயலுக்குப் போனால் பாதி வேலையில் திரும்பி வருவார். அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வேலை போனதுகூடப் பெரிதில்லை, பெயர் போய்விட்டது. ஞானவேல் சாரை நான் அந்த நாலு மாதமும் மண்ணை வாரித் தூற்றாத குறைதான்.

ஐப்பசி முடிகிற சமயம், பகல் பதினொரு மணிப் பேருந்தில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். கையில், பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தைச் சேர்த்துத் தைத்த ஒரு நோட்டு.

அய்யா வாசலை மறித்து நின்றார். "எம் மகளத் திருடியாக்கிட்டு இப்ப என்னத்துக்கு வந்தீக?"

"அவ போனப்பெறகும் பதினோரு தடவ நின்னுருச்சுங்க. அப்ப நான் எழுதுனது தப்பு. ஆனா எது சரின்னு எனக்கு இன்னும் தெரியல. ஒங்க மக எல்லாத்தையும் கவனிக்கிற பொண்ணு. அதான் கேக்க வந்தேன்" என்றார் சார்.

மன்னிப்புக் கேட்கிற ஆளை விரட்டலாம். சந்தேகம் கேட்கிற ஆளை என்ன செய்வது? அய்யா நகர்ந்து வழிவிட்டார்.

சார் நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு முறை நின்றதும் கிழமையோடு, மணியோடு இருந்தது. "இங்கன பாரு. மழ பெஞ்ச மறுநாள்ல இருந்து நாலஞ்சு நாளைக்கு நிக்கவே இல்ல. வெயில் காஞ்சா மறுபடி நிக்கிது. மழைக்கும் மிசினுக்கும் என்ன சம்பந்தம்?" பிறகு என் முகத்தைப் பார்த்து, "அன்னைக்கி ஃபிளாப்பி போட்டியா இல்லையா? இது கணக்குல சேராட்டி என் கணக்கே தப்பாப் போகும்" என்றார்.

அய்யா பக்கத்தில் இருந்தார். நாலு மாதமாக இல்லை இல்லை என்று அவரிடம் சொல்லி வந்தவள் நான். ஆமாம் என்றால் அந்தக் கணத்தோடு எல்லாம் முடிந்தது. ஆனாலும் அந்த மனிதர் கேட்ட விதத்தில் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"போட்டேன் சார்."

அய்யா எழுந்து வெளியே போய்விட்டார். சாரின் பேனா ஒரு கணம் நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்தவர், "எத்தன மணிக்கி?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். "அதுக்கு முந்துன நாளும் நின்னுருக்கு. அப்ப ஒன் ஃபிளாப்பி இல்ல. சரி, வேற என்ன கவனிச்ச? கிறுக்குத்தனமா இருந்தாலும் சொல்லு."

யோசித்தேன். "சாப்புட்டுக் கை கழுவிட்டு வந்து மிசினத் தொட்டா சுருக்குன்னு அடிக்கும் சார்."

"எப்ப இருந்து?"

"இந்தச் சித்திரையில இருந்துதான். முந்தியெல்லாம் ஈரக் கையோட தொட்டாலும் ஒண்ணும் செய்யாது."

"முந்தி கையி எங்கன கழுவுவீக?"

"பின் சன்னலுக்குக் கீழதான். எல்லாரும் தூக்குவாளிய அங்கனதான் அலசி ஊத்துவோம். அந்தச் சிமெண்டு மூடி போட்ட குழிகிட்ட. நீங்க உள்ள வாஷ்பேசின் வச்சுக் குடுத்தப்பெறகு யாரும் அங்கன போறதில்ல."

சார் எழுந்து நின்றுவிட்டார். அம்மா கொண்டுவந்த மோரைக் கையில் வாங்கி, குடிக்காமல் என்னிடமே கொடுத்தார். "அது எர்த் குழிம்மா" என்றார்.

பெண்கள் வெயிலில் நின்று பாத்திரம் கழுவுகிறார்களே என்று, மேலதிகாரியிடம் மன்றாடி அந்த வாஷ்பேசினை வாங்கி வைத்தவர் அவரேதான். மின்சாரம் கசிந்தால் மண்ணுக்குள் இறங்கிப் போவதற்காகத் தோண்டிய குழி அது. மண் ஈரமாக இருந்தால்தான் இறங்கும். பதினைந்து தூக்குவாளித் தண்ணீரில் எங்களுக்கே தெரியாமல் தினமும் அதை நனைத்து வந்திருக்கிறோம். அது நின்றதும் குழி காய்ந்துவிட்டது. போக வழியில்லாத மின்சாரம் கணினிகளின் உடம்புக்குள்ளேயே சுற்றியிருக்கிறது.

மறுநாள் அவர் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஒரு வாரம் எதுவும் நிற்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மார் தட்டியிருப்பார்கள். சாரோ மழை விட்டிருந்த நாட்களாகப் பார்த்து, தண்ணீரை நிறுத்திக் குழியைக் காயவிட்டாராம். "நின்னாத்தான் நம்புவேன்" என்றாராம். நின்றது. அலுவலகமே அவரைத் திட்டித் தீர்த்ததாம். பிறகுதான் மின்பணியாளரை அழைத்துக் குழியைத் தோண்டி, உப்பும் கரியும் புதிதாக இட்டார்.

அவருடைய இரண்டாவது அறிக்கையை நான் படித்திருக்கிறேன். "என் முந்தைய அறிக்கை தவறு. குழி காய்ந்ததற்குக் காரணம் வாஷ்பேசின். அதைக் கேட்டு வாங்கியவன் நான்" என்று இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "செல்வி ஃபிளாப்பி போட்டது உண்மை. அதனால் கோளாறு வரவில்லை" என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், விதியை மீறியதற்கு ஒரு மெமோவும் சேர்த்து.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அந்த ஒரு வரிய விட்டுருந்தா என்ன சார் கொறஞ்சு போயிருக்கும்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"அத மறைச்சேன்னு தெரிஞ்சா மீதியையும் நம்பமாட்டாகம்மா. அப்பறம் ஒன் மேல உள்ள பழி போகவே போகாது" என்றார்.

ஆறு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் ஒன்றும் நடக்காததுபோல் தினமும் ஒரு சந்தேகத்தோடு என் மேசைக்கு வருவார். ஆனால் ஊரில் பேச்சு அடங்கியது. அய்யா அந்த அறிக்கையின் நகலை வாங்கி, படிக்கத் தெரிந்தவர்களிடமெல்லாம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஃபிளாப்பி வரியையும் சேர்த்துத்தான். அதையும் ஒளிக்காமல் எழுதியிருந்ததால்தான் மற்றதை நம்பினார்கள் என்று எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. இதை நான் அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

துக்க வீட்டில் சாரின் மனைவி மல்லிகா அம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். சற்று நேரம் இருவரும் அழுதோம். பிறகு என் காதருகே குனிந்து, "ஏம்மா, அந்த ஃபிளாப்பியில என்னதான் இருந்துச்சு?" என்றார்.

நான் விழித்தேன்.

"இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஊரு ஒலகத்துல எல்லாத்தையும் கேட்டுட்டேன், அத மட்டும் கேக்கல மல்லிகா, அது அந்தப் பொண்ணோட சொந்த விசயம், கேக்கக் கூடாதுன்னு. ஆனா மண்டைக் கொடச்சல் தாங்காம என்னைய எதுவா இருக்கும்னு யோசிக்கச் சொல்லுவாரு."

எழுந்து அவர் தலைமாட்டுக்குப் போனேன். மாலைகளை வைக்க வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னேன்:

"என் கல்யாண பயோடேட்டா சார். வயசுல மூணு கொறச்சுப் போட்டிருந்தேன். இத எங்கயும் எழுதிராதீங்க."