சிரிக்கக் கூடாத வார்டில் ஓர் அரக்கன்

கதை வாசிப்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கதை சொல்லியே தொண்டை கட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும். சித்தூரில் ஒரு மிஷன் கண் ஆஸ்பத்திரியில் கிளார்க்காக இருந்தேன். அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் இரண்டு கண்ணிலும் கட்டோடு, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் படுத்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பொழுது போக டேப்பில் கதை பதிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது.

அரக்கனின் பெண்டாட்டி

குளிக்கப் பயந்த அரக்கன் ஒருவனைப் பற்றி நானே ஒரு கதை கட்டினேன். அவனுக்கு இடிக்குரல், பெண்டாட்டிக்குக் கீச்சுக்குரல். ஒரே அமர்க்களம்! ஆண்கள் வார்டில் டேப் ஓடியதும் புத்தலப்பட்டு விவசாயி ஒருவர் பதறிப்போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "யாரும்மா அது? ஆம்பள வார்டுல வந்து எதுக்குக் கத்திக்கினு கீற?"

கிரேஸம்மாவின் தடை

அது டேப் என்று தெரிந்ததும் வார்டே சிரித்தது. தலைமை நர்ஸ் கிரேஸம்மா, தமிழில் "சிரிக்காதீங்க", தெலுங்கில் "நவ்வகண்டி" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து டேப்பை நிறுத்தினார். சிரித்தால் தலை குலுங்கும், தையல் விடும், பார்வையே போய்விடுமாம். சிரிக்க வைத்தது ஒரு குற்றமா என்று எனக்கு ரோஷம் வந்தது. அவர் ஒரே கேள்வியில் அடக்கினார்: "தையல் பிரிஞ்சா உன் அரக்கனா வந்து போடுவான்?"

மீசை

அடுத்து வந்தவர் நகரி நெசவாளி முனுசாமி. ஒரு கண் ஏற்கனவே போய்விட்டது. ஆபரேஷன் ஆனது மிச்சமிருந்த ஒன்றில். பயத்தில் கை கட்டுக்கே போனது. கையைக் கட்டிலோடு கட்டியும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இந்தக் கண்ணும் போனால் மனுஷன் என்ன செய்வார்? கதை கேட்டாலாவது அடங்குவார் என்று கிரேஸம்மாவே வந்து, அதே கதையைச் சிரிப்பு வராதபடி வாசிக்கச் சொன்னார்.

ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் பதிவு செய்தேன். முனுசாமியின் தலை நின்றது. அரக்கன் சோப்பைக் கண்டு ஓடும் இடத்தில் உதட்டோரம் மட்டும் துடித்தது. தினமும் அதையே போடச் சொன்னார். நான் நடிப்பதை நிறுத்தியதும் அரக்கனை அவரே மனசுக்குள் உண்டாக்கிக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கட்டுப் பிரித்துத் தடிக்கண்ணாடியை மாட்டினார்கள். "தெரியுதா?" என்றேன். குரலை அடையாளம் கண்டு என்னையே உற்றுப் பார்த்தார். பார்வை வந்துவிட்டது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதையில் மீசை என்ற பேச்சையே நான் எடுத்ததில்லை, அவரோ ஏமாந்துபோய்க் கேட்டார்: "நீயா சார் அந்த அரக்கன்? இம்மாம் பெரிய மீசை வெச்சிருந்தியே, எங்க அது?"

அன்றிலிருந்து வாசிக்கும்போது குரல் மாற்றுவதை விட்டுவிட்டேன், மீசையை மட்டும் வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.