புட்டு ஆவிமேல் விழுந்த பழி

செல்வமலருக்கு விடுப்பு, அதாவது எதையும் துருவி அறியும் ஆசை, அதிகம் என்று பிரெஞ்சு பேசும் ஊரான சென்ட் லோரன்டில் அவளைத் தெரிந்த எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டுமே! பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளின் பைக்குள் என்ன மீன் என்று கேட்காமல் அவளால் இறங்க முடியாது. மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை அடைக்கும் வேலை. மெஷின் நின்றால் மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். இவள் மெக்கானிக்கின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டிலேயே ஒரு புதிர் இருந்தது. படுக்கையறை மூலையில், மேல்மாடிக் குழாய்களை மறைத்து மெல்லிய பலகையால் கூடு மாதிரி அடைத்திருந்தார்கள். அந்தக் கூட்டின் அடியில் கறுப்பாகப் பங்கசு என்கிற பூஞ்சணம் பிடித்தது. துடைத்தால் போகும், பிறகு இன்னும் அகலமாக வரும். மகள் நிருஷாவுக்கு மூச்சிழுப்பு. அந்த அறையில் படுத்தாலே இருமத் தொடங்கிவிடுவாள்.

வீட்டுச் சொந்தக்காரர் அருளம்பலம் இவர்களைப் போல யாழ்ப்பாணத்து ஆள்தான். இல்-பிசார் என்ற பணக்காரப் பகுதியில் தனிவீட்டில் இருக்கிறார். வந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

“தங்கச்சி, இது நீங்கள் புட்டு அவிக்கிற ஆவி. யன்னலைத் திறந்து விட்டிட்டு அவியுங்கோ.”

அவர் வீட்டில் மட்டும் புட்டைப் பச்சையாகவா தின்கிறார்களாம்? ஆனால் செல்வமலர் அதைக் கேட்கவில்லை. நம்பித் தொலைத்தாள். புட்டை விட்டாள், இடியப்பத்தை விட்டாள். போன ஜனவரிக் குளிரில் யன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பிள்ளையைப் போர்வையால் சுற்றி இருத்தினாள். அப்படியும் பங்கசு போகவில்லை. ஒருநாள் அடுப்படியில் ஊதுபத்தியைக் கொளுத்தி, புகை எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தாள். புகை குளியலறைப் பக்கம் போனதே தவிர, படுக்கையறையை எட்டியும் பார்க்கவில்லை. அப்போது சந்தேகம் வந்தது. ஆனாலும் குற்றவுணர்ச்சி விடவில்லை.

இந்தக் குளிர்காலம் நிருஷாவை ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு முகமூடி போட்டுப் படுக்க வைத்தார்கள். அன்றைக்கே செல்வமலர் நகரசபைக்குப் போன் எடுத்து, மூலையின் படங்களையும் அனுப்பினாள்.

“எங்கட ஆளைப் போய் சிட்டிக்குக் காட்டிக் குடுக்கிறதோ?” என்று கணவன் சாரங்கன் பதறினான்.

“பிள்ளையும் எங்கட ஆள்தான்” என்றாள் அவள்.

இனி அவள் செய்த கூத்தைக் கேளுங்கள். நகரசபை ஆள் நாளைக்கு வருகிறது என்றதும், முறைப்பாடு என்ன என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. வீட்டுக்கு ஆள் வருகிறது, அவ்வளவுதான்! நிலம் துடைத்தாள், திரைச்சீலை மாற்றினாள், வடைக்குப் பருப்பு ஊறப்போட்டாள். அந்த அசிங்கமான மூலையை வருகிற ஆள் பார்த்தால் என்ன நினைக்கும்? பிளீச் போட்டு உரஞ்சிக் கழுவி, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் படுத்தாள். சாரங்கன் விடிய வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்த்து, “நல்ல வடிவாக் கிடக்கு” என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

எலிசா என்ற அந்த இளம் இன்ஸ்பெக்டர் வந்தாள். வெள்ளைவெளேரென்ற மூலையைப் பார்த்தாள், செல்வமலரைப் பார்த்தாள். ஈரம் பார்க்கும் கருவியைக் கூட்டின் அடியில் வைத்தாள். அது கத்தியது.

“ஈரம்தானே?” என்று செல்வமலர் தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சில் ஆவலோடு கேட்டாள்.

“உங்கள் பெயின்டின் ஈரமாகவும் இருக்கலாம்” என்றாள் எலிசா. “நீங்கள் அனுப்பிய படங்களில் பங்கசு தெரிகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு இருந்த தடத்தைக் கழுவிவிட்டீர்களே.”

ஐயோ, செல்வமலருக்குத் தன் தலையில் தானே குட்ட வேண்டும் போலிருந்தது.

“இந்தக் கூட்டைத் திறக்க மாட்டீங்களா?”

“எனக்கு உடைக்க அனுமதி இல்லை.”

“நான் உடைச்சா?”

எலிசா யோசித்துத்தான் பதில் சொன்னாள். “உள்ளே காய்ந்திருந்தால் சேதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. சமையல் ஆவிதான் காரணம் என்று வீட்டுக்காரர் சொல்வதை மறுக்க என்னிடமும் ஒன்றும் இருக்காது.”

செல்வமலர் அடுப்படிக்குப் போய்த் தேங்காய் உடைக்கும் கத்தியோடு வந்தாள். பயமாகத்தான் இருந்தது. உள்ளே காய்ந்து கிடந்தால், பிள்ளையை இருமவைத்தது தன் கைதான் என்று ஆகிவிடும். ஆனால் தெரியாமலே இன்னொரு குளிர்காலம் படுத்தெழும்ப அவளால் முடியாது. ஓங்கிக் கொத்தினாள்.

பலகை நனைந்த ரொட்டி மாதிரிப் பிய்ந்து வந்தது. எலிசா டோர்ச்சை அடித்தாள். மேலிருந்து வந்த குழாயின் மூட்டில் பழந்துணி சுற்றிக் கட்டியிருந்தது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதற்கு நேர் கீழே ஒரு வாளி. வாளி நிரம்பி, விளிம்பால் வழிந்துகொண்டிருந்தது.

வாளி தானாக நடந்து சுவருக்குள் போகுமா? எலிசா படம் எடுக்கத் தொடங்கினாள். செல்வமலர் குந்தியிருந்து அந்த வாளியையே பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“அண்ணை, உங்கட வாளி ஒண்டு எங்கட வீட்டில கிடக்கு.”

அருளம்பலம் கத்தினார். “அந்தக் கூட்டை ஆர் உம்மை உடைக்கச் சொன்னது?”

“நான் கூட்டைப் பற்றிக் கதைக்கவே இல்லையே, அண்ணை.”

என்ன சொல்கிறார் என்று எலிசா சைகையால் கேட்டாள். செல்வமலர் பிரெஞ்சில் சொன்னாள், எலிசா எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் செல்வமலருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கேட்டாள்.

“ரெண்டு விண்டரா, என்ர பிள்ளைக்கு நான்தான் வருத்தம் குடுக்கிறன் எண்டு நினைச்சு நினைச்சுக் கிடந்தனான். நீங்கள் நித்திரை கொண்டனீங்களோ, அண்ணை?”