அரிசி டிரம்மில் வைத்த கேமரா

என்னிடம் இருப்பது பிலிம் போட்டு எடுக்கும் பழைய கேமரா. வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன் அங்கே ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி, சில வருடம் வைத்திருந்துவிட்டு, போன விடுமுறையில் எனக்குக் கொடுத்தார். “ஒழுங்கா வச்சிருந்தா உன்னோடது. கெடுத்து வச்சியோ, திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன்” என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

கையில் எடுத்தால் நெல் அளக்கும் பித்தளைப் படியின் கனம் இருக்கும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, வயலில் குனிந்து நடுகிறவர்கள் மங்கலிலிருந்து மெல்லத் தெளிந்து வருவார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று விரலுக்கே தெரிந்துவிடும். லீவரை இழுத்தால் உள்ளே பிலிம் நகர்வது கட்டைவிரலில் தட்டும். போனில் இதைவிட நல்ல படம் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடியைத் தடவித் தடவி விரலுக்கு என்ன கிடைக்கிறது? “அந்த வளையத்தத் திருவுற நேரத்துல நாத்தே முளைச்சுடும்” என்பாள் என் மனைவி.

ஐப்பசி அடைமழையில் லென்ஸுக்குள் ஈரம் பூத்தது. நனைந்த போனை அரிசிக்குள் வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. நானும் யோசிக்காமல் கேமராவை அரிசி டிரம்மில் புதைத்தேன். மூன்றாம் நாள் ஈரம் போயிருந்தது. ஆனால் வளையத்தைத் திருப்பினால் நறநறவென்றது. அண்ணன் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கேமரா கையைவிட்டுப் போய்விடும் என்று நினைக்கவே எனக்குத் தாங்கவில்லை.

கும்பகோணத்தில் கேமரா பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். லென்ஸைக் கழற்றி வெள்ளைத் தாளில் தட்டினார். தவிட்டுத் தூளோடு இரண்டு நொய் விழுந்தன.

“கேமராவுக்குச் சோறு போட்டீங்களாக்கும்” என்றார், சிரிக்காமல்.

ஒன்று குட்டை, எங்கள் வயலில் விளைந்தது. மற்றது உடைந்தும் ஊசிபோல் நீளம். “இது பாசுமதிங்க. ரொம்ப நாளா உள்ள கெடந்திருக்கு, கிரீஸ்ல ஊறிப்போயிருக்கு பாருங்க” என்றார். எங்கள் வீட்டுப் படி ஏறாத அரிசி அது. ஒன்றும் புரியாமல் இரண்டையும் தாளோடு மடித்து வாங்கிவந்தேன்.

அண்ணன் வந்ததும் காபிகூடக் குடிக்காமல் கேமராவைக் கேட்டார். வளையம் தங்குதடையில்லாமல் சுழன்றது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் மறுபடி திருப்பினார்.

“இந்த எடத்துல லேசா ஒரசுமே. இப்ப இல்லயே.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. டிரம்மில் வைத்ததைச் சொல்லி, தாளைப் பிரித்துக் காட்டினேன். அண்ணன் நீள நொய்யை மட்டும் விரல்நுனியில் ஒற்றி எடுத்தார்.

“இது நான் போட்டது. அங்க ஏசி ரூம்லேருந்து வெளிய வந்தா லென்ஸ் வேர்த்துடும். என்ன பண்றதுன்னு கேக்குறதுக்கு ஒரு ஆள் இல்ல. சமைக்க வச்சிருந்த அரிசியிலயே பொதச்சு வச்சேன். நமக்கு வேற என்னடா தெரியும்.”

இரண்டு நொய்யையும் தாளில் வைத்து மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டார்.